கேள்வித்தாள் எழுதும் முன் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்

அமெரிக்காவில் பதின்ம வயதுப் பிள்ளைகளின் போன் பழக்கமும் மனநலமும் பற்றிய எங்கள் ஆய்வுக்கு ஆள் சேர்க்க அச்சடித்த முதல் நோட்டீஸில் ஒரு கறுப்பினப் பெண்ணின் படம் இருந்தது. இருட்டறை, கையில் போன், முகத்தில் நீல வெளிச்சம், கண்ணில் சோகம். காசு கொடுத்து வாங்கிய படம். ஒரு நூலகச் சுவரில் அதை ஒட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று பார்த்த 15 வயதுப் பெண் கேட்டாள்: “போன் பார்க்கிற கறுப்புப் பொண்ணு உங்க படத்துல சிரிக்கவே மாட்டாளா?” அதற்குள் 400 பிரதி அச்சாகியிருந்தது. அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் ஆறு பேர் இருந்தோம். 18 வயதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை.

அமெரிக்காவுக்குப் பொதுச் சுகாதாரம், உளவியல், சமூகப்பணி, கணினி அறிவியல் என்று படிக்க வரும் நம் மாணவர்கள் பலர் இந்த வேலையில்தான் வந்து விழுகிறார்கள். 2023 மே மாதம் அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியான அப்போதைய சர்ஜன் ஜெனரல் விவேக் மூர்த்தி, சமூக ஊடகமும் இளையோர் மனநலமும் பற்றி ஒரு எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார். அதே மாதம் அமெரிக்க உளவியல் சங்கமும் தன் பங்குக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. போனும் பிள்ளைகளும் என்றால் எல்லோருக்கும் காது நீள்கிற காலம் இது. பேராசிரியர் உங்களைக் கூப்பிட்டுச் சொல்வார்: “நம் ஆய்வில் சேர்ந்தவர்களில் வெள்ளையரல்லாத பிள்ளைகள் குறைவு. ஒரு நாற்பது பேரைச் சேர்த்துவிடு.” அந்த வாக்கியம் உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தால் எங்கிருந்து தொடங்குவது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

“வெள்ளையரல்லாத” என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் யார் என்று சொல்லாமல் யார் இல்லை என்று சொல்கிறது. ஆங்கிலத்தில் புழங்கும் ‘பீப்பிள் ஆஃப் கலர்’ என்பதற்கு இதைவிட நல்ல தமிழ் கிடைக்கும்வரை இதை வைத்துக்கொண்டு ஓட்டுவோம்.

முதல் படி: ஏன் நம்பமாட்டார்கள் என்று படியுங்கள்

ஆள் சேர்க்கப் போகும் முன் ஒரு வாரம் உட்கார்ந்து பழைய கதையைப் படிக்க வேண்டும். 1932இல் அலபாமா மாநிலம் டஸ்கிகியில், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 600 கறுப்பின ஆண்களை ஒரு ஆய்வில் சேர்த்தது. அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய். நோய் என்னவென்று அவர்களுக்குச் சொல்லவில்லை. 1940களில் அதைக் குணமாக்கும் பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1972இல் பத்திரிகையில் வெளிவரும்வரை 40 வருடம் இது நடந்தது. இன்று நீங்கள் நிரப்பப்போகும் படிவங்களின் பூர்வீகம் இதுதான்: ஆய்வில் சேரும் மனிதர்களைக் காக்க 1974இல் வந்த தேசிய ஆய்வுச் சட்டம், அதற்கான நெறிகளைச் சொன்ன 1979இன் பெல்மான்ட் அறிக்கை.

இன்னொன்று அவ்வளவு பழையதல்ல. கிராண்ட் கேன்யனில் வாழும் ஹவசுபாய் பூர்வகுடி மக்களிடம், நீரிழிவு ஆய்வு என்று சொல்லி 1990இல் தொடங்கி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் ரத்தம் எடுத்தது. அதே ரத்தத்தைப் பிறகு மனச்சிதைவு நோய், இடப்பெயர்வு வரலாறு போன்றவற்றுக்கும் பயன்படுத்தினார்கள். வழக்கு 2010இல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது. மிச்சமிருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

16 வயதுப் பையனுக்கு இந்த வருடங்களெல்லாம் தெரியாமல் இருக்கலாம். பாட்டிக்குத் தெரியும். கையெழுத்துப் போடும் அம்மாவுக்கும் தெரியும். “இதை வைத்து என் பிள்ளையை என்ன செய்வீர்கள்?” என்று ஒரு தாய் கேட்டால் அவரை ஒத்துழைக்காதவர் என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். அவர் கேட்பது ஆய்வு நெறிமுறையின் முதல் கேள்வி.

இரண்டாம் படி: யாரைத் தேடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

“வெள்ளையரல்லாத பிள்ளைகள்” என்று ஒரு கூட்டம் எங்கேயும் கூடி உட்கார்ந்திருக்கவில்லை. மின்னசோட்டாவில் வளரும் சோமாலியப் பெண்ணும், டெக்சஸ் எல்லையோர ஊரில் அம்மாவுக்கு ஸ்பானிஷ் மொழிபெயர்த்துக் கொடுக்கும் பையனும், நியூ ஜெர்சியில் பரதநாட்டிய வகுப்புக்குப் போகும் நம் தமிழ்ப் பிள்ளையும் ஒரே கட்டத்துக்குள் அடங்கமாட்டார்கள். ‘ஆசியர்’ என்ற கட்டத்தைப் பாருங்கள். லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மோங் குடும்பத்துப் பிள்ளையும் கூகுள் பொறியாளரின் பிள்ளையும் அதற்குள் ஒன்றாக நிற்கிறார்கள். சராசரி போட்டால் இரண்டு பேரும் காணாமல் போவார்கள்.

அரசின் இன வகைப்பாடே 2024 மார்ச்சில் மாறியது. இனம், ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் மொழி வழங்கும் நாடுகள்) பூர்வீகம் என்று தனித்தனியாக இருந்த இரண்டு கேள்விகளை ஒன்றாக்கி, மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க வகையைப் புதிதாகச் சேர்த்தார்கள். உங்கள் படிவம் பழையதா புதியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், பிள்ளைகள் தங்களை எப்படி அழைத்துக்கொள்கிறார்கள் என்று எழுதக் காலியாக ஒரு கோடு விடுங்கள். லத்தீன் அமெரிக்கப் பூர்வீகத்தினரை ஆண், பெண் பேதமின்றிக் குறிக்க, பல்கலைக்கழகங்களில் ‘லத்தீனெக்ஸ்’ என்ற சொல் மிகவும் புழங்கும். பியூ ஆய்வு மையம் 2020இல் வெளியிட்ட கணக்குப்படி ஹிஸ்பானிக் பெரியவர்களில் 3 விழுக்காட்டினர்தான் அந்தச் சொல்லால் தங்களைக் குறிக்கிறார்கள். நோட்டீஸில் அதைப் போட்டால், அது தங்களுக்கான நோட்டீஸ் என்றே பலருக்குத் தெரியாது.

மூன்றாம் படி: முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போகாதீர்கள்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பள்ளிக்கூடம். பிள்ளைகள் மொத்தமாக அங்கேதான் இருக்கிறார்கள், சரி. ஆனால் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அனுமதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். மாணவர்களிடம் மனநலம் பற்றிக் கேட்கும் கருத்தெடுப்புகளுக்குப் பெற்றோர் உரிமை குறித்துத் தனிச் சட்டமே இருக்கிறது. இதையெல்லாம் தாண்டினாலும் பெரிய சிக்கல் ஒன்று பாக்கி: அங்கே நீங்கள் வாத்தியார் பக்கத்து ஆள். பள்ளி கொடுத்த லேப்டாப்பில் என்ன தட்டினாலும் கண்காணிப்பு மென்பொருள் பார்க்கும் என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதே லேப்டாப்பில் “கடந்த இரண்டு வாரத்தில் நம்பிக்கை இழந்தீர்களா?” என்று கேட்டால் “ஒருபோதும் இல்லை” என்றுதான் பதில் வரும். அதை நீங்கள் தரவு என்று எழுதிக்கொள்வீர்கள்.

கறுப்பினத் தேவாலயங்கள், பொது நூலகம், மாலைநேர மன்றங்கள், கூடைப்பந்துப் பயிற்சியாளர், முடி பின்னிவிடும் கடை என்று பிள்ளைகள் ஏற்கெனவே நம்பும் இடங்களுக்குப் போங்கள். முதல் மூன்று தடவை எதையும் கேட்காதீர்கள். நாற்காலி எடுத்துப் போடுங்கள், வீட்டுப்பாடத்துக்கு உதவுங்கள். நான்காவது தடவை அந்த அமைப்பை நடத்துபவரிடம் பேசுங்கள். பேசும்போது பட்ஜெட்டைத் திறந்து காட்டுங்கள். அவர்கள் நேரத்துக்கும் இடத்துக்கும் ஒரு வரி அதில் இருக்க வேண்டும். “சமூகப் பங்காளர்” என்று விண்ணப்பத்தில் பெயரைப் போட்டுவிட்டு ஒரு டாலர்கூட ஒதுக்காத விண்ணப்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பூர்வகுடிப் பிள்ளைகள் என்றால் இந்த வழியும் செல்லாது. பழங்குடி அரசுகள் தங்கள் மண்ணில் நடக்கும் ஆய்வுக்குத் தாங்களே அனுமதி தருகின்றன. நவஹோ மக்களின் பழங்குடி அரசான நவஹோ நேஷனுக்குச் சொந்தமாக ஆய்வுப் பரிசீலனைக் குழு இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்கக்கூடாது.

நான்காம் படி: பிள்ளைகளின் ஆலோசனைக் குழு

முதல் மூன்று படிகளையும் விட்டவர்கள்கூட இதை ஒழுங்காகச் செய்தால் தப்பித்துக்கொள்ளலாம்.

ராஜர் ஹார்ட் என்பவர் யூனிசெஃபுக்காக 1992இல் ‘பங்கேற்பு ஏணி’ ஒன்றை எழுதினார். எட்டுப் படி. கீழே உள்ள மூன்றில் பிள்ளைகளை ஏய்ப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்கு உட்காரவைப்பது. மேல்படிகளில் பிள்ளைகள் தாங்களே தொடங்கி, பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். இன்று பல ஆய்வுகளில் உள்ள ‘இளையோர் குழு’ அந்த ஏணியின் மூன்றாம் படியில் நிற்கிறது: எல்லாம் முடிந்த பிறகு கேள்வித்தாளைக் காட்டி “எப்படி இருக்கு?” என்று கேட்பது. பிள்ளைகள் “நல்லாருக்கு” என்பார்கள். பீட்சா தீர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள்.

எட்டிலிருந்து பத்துப் பேர் போதும். நன்றாகப் படிக்கிற, மேடையில் பேசுகிற பிள்ளைகளாகவே பொறுக்காதீர்கள்; மன்றத்தின் மூலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனும் வேண்டும். ஆய்வுக் கேள்வி முடிவாகும் முன் முதல் கூட்டம் நடக்க வேண்டும். கூட்டம் பல்கலைக்கழகத்தில் வேண்டாம், அவர்கள் இடத்தில் நடக்கட்டும். பள்ளி விட்டு, பசியோடு, தம்பியையோ தங்கையையோ கூட்டிக்கொண்டு வருவார்கள். சாப்பாடு முதலில், பேச்சு பிறகு. பேருந்துக் காசை அன்றைக்கே கையில் கொடுங்கள்.

சம்பளம் என்று நான் சொல்வது சம்பளத்தைத்தான். அந்த ஊரில் கடையில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு மணிக்கு என்ன கிடைக்கிறதோ அதற்குக் குறையாமல் கொடுங்கள். இங்கே ஒரு பள்ளம் உண்டு. பணம் கொடுக்க வேண்டுமென்றால் பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவு, அரசு தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும். குடியேற்ற ஆவணம் இல்லாத குடும்பத்துப் பிள்ளை அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் எழுந்து போய்விடும். ஏன் என்று உங்களிடம் சொல்லாது. எண் கேட்காமல் கிஃப்ட் கார்டாகக் கொடுக்க என்ன வழி, எவ்வளவு தொகை வரை முடியும் என்று ஆள் சேர்க்கும் முன்பே கணக்குப் பிரிவிடம் எழுத்தில் வாங்கிவையுங்கள். ஆய்வில் எனக்கு மிகவும் அலுப்பு தந்த வேலை இதுதான். கடைசிவரை உதவியதும் இதுதான்.

குழு இருந்தால் என்ன மாறும்? எங்கள் கேள்வித்தாளில் “ஒரு நாளில் சமூக ஊடகத்தில் எத்தனை மணி நேரம் செலவிடுகிறீர்கள்?” என்று இருந்தது. “தூங்கும்போது ஓடிக்கிட்டிருக்கிற யூடியூப் கணக்கா? பாட்டிக்கு வாட்ஸ்அப் கால் போட்டுக் கொடுத்தது கணக்கா?” என்று கேட்டான் ஒருவன். இன்னொருத்தி சொன்னதில்தான் எங்கள் ஆய்வே திசை மாறியது: “மணி நேரத்தை விடுங்க. நான் தேடாமலே ஒரு வீடியோ வந்து நிக்குது. என்னை மாதிரி ஒருத்தரை போலீஸ் சுடுறாங்க. அதைப் பத்தி எங்கேயுமே கேக்கலையே?”

ஆய்வு உலகத்துக்கு இது புதிதல்ல. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிரெண்டேஷா டைன்ஸ், இணையத்தில் இனவெறியைச் சந்திக்கும் பதின்ம வயதினரைப் பற்றி 2008இலிருந்தே எழுதிவருகிறார். இப்படிப்பட்ட வீடியோக்களைப் பார்ப்பதற்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பை அவர் குழு 2019இல் வெளியிட்டது. வேறொரு குழு வாஷிங்டன் நகரில் 101 கறுப்பினப் பிள்ளைகளை இரண்டு வாரம் நாட்குறிப்பு எழுதவைத்த ஆய்வில், ஒரு நாளைக்குச் சராசரியாக ஐந்துக்கும் மேற்பட்ட பாகுபாட்டு அனுபவங்கள் பதிவாயின. பெரும்பாலும் இணையத்தில்தான். இதையெல்லாம் நாங்கள் படித்திருந்தோம். படித்தும் கேள்வித்தாளில் வைக்கத் தோன்றவில்லை.

இதே போனுக்கு மறுபக்கமும் உண்டு. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்டதைப் போனில் படம் பிடித்த டார்னெல்லா ஃப்ரேசியருக்கு அப்போது 17 வயது. “தொழில்நுட்பம் தரும் தீங்கு” என்று மட்டும் கேள்வி எழுதுகிறவர்கள் இதை எந்தக் கட்டத்தில் குறிப்பார்கள்?

ஐந்தாம் படி: படிவங்கள்

18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் அனுமதியும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். இரண்டும் தனித்தனி. அம்மா சரி சொல்லி, பிள்ளை தலையாட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள். சில நேரம் பெற்றோர் அனுமதி கேட்பதே பிள்ளைக்கு ஆபத்தாகும்; வீட்டுக்குத் தெரியாமல் தன் பாலின அடையாளத்தோடு வாழும் பிள்ளை ஓர் உதாரணம். அந்த மாதிரி ஆய்வுகளில் பெற்றோர் அனுமதிக்கு விலக்குக் கேட்க விதியில் இடம் இருக்கிறது. ஐஆர்பி எனப்படும் நெறிமுறைக் குழுவிடம் காரணத்தோடு எழுதிக் கேளுங்கள். 13 வயதுக்குக் கீழே என்றால் இணையத்தில் தரவு சேகரிக்க வேறு சட்டமும் குறுக்கே வரலாம். புதியவர்கள் 13இலிருந்து தொடங்குவது நல்லது.

படிவத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நாக்கு தடுக்கும் இடத்திலெல்லாம் கோடு போடுங்கள். வீட்டில் பேசும் மொழியில் அம்மாவுக்கு ஒரு படிவம் கட்டாயம். பிள்ளையையே மொழிபெயர்க்க வைத்தால், அது தனக்கு வேண்டியதை மட்டும் மொழிபெயர்க்கும். நாம் நம் வீட்டில் செய்யாததா?

ஆறாம் படி: கருவிகளைச் சந்தேகப்படுங்கள்

கைக்கடிகாரச் சென்சார்கள் தோல் வழியாக ஒளி பாய்ச்சி நாடித்துடிப்பை அளக்கின்றன. அதே போல ஒளியை நம்பியிருக்கும் விரல்நுனி ஆக்ஸிஜன் கருவி, கறுப்பின நோயாளிகளிடம் ஆக்ஸிஜன் குறைவைத் தவறவிடுவது வெள்ளையரிடம் நடப்பதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று 2020இல் ஒரு ஆய்வு காட்டியது. எந்தச் சென்சாரையும் பல தோல்நிறங்களில் சோதித்துப் பார்க்காமல் பிள்ளைகள் கையில் கட்டாதீர்கள்.

மொழியிலும் இதே கதை. மனச்சோர்வு உள்ளவர்கள் “நான்”, “எனக்கு” என்று அதிகம் எழுதுவார்கள் என்பது பல வருடமாகச் சொல்லப்பட்டு வந்த ஒன்று. 2024இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் ஃபேஸ்புக் பதிவுகளை இன வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அந்த அடையாளம் வெள்ளையருக்குப் பொருந்தியது, கறுப்பினத்தவருக்குப் பொருந்தவில்லை. பெரியவர்களிடமே இப்படி என்றால், பதின்ம வயதினரின் இன்ஸ்டா மொழியை ஒரு மென்பொருளிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

ஏழாம் படி: இரவு 2 மணிக்குப் பதில் வந்தால்?

மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளில் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. பிள்ளை அதைப் போனில் இரவு 2 மணிக்கு நிரப்பி, “கிட்டத்தட்ட தினமும்” என்பதைத் தொட்டுவிட்டுத் தூங்கப் போகிறது. அந்தப் பதிலை யார், எப்போது பார்ப்பார்? திங்கட்கிழமை காலை நீங்கள் எக்செல் திறக்கும்போதுதான் என்றால் அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. ஒன்று, உடனே எச்சரிக்கை வந்து பயிற்சி பெற்ற ஒருவர் பேசும் ஏற்பாடு வேண்டும். இல்லையென்றால் அந்தக் கேள்வியை எடுத்துவிட்ட எட்டுக் கேள்வி வடிவம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். எந்தத் திரையிலும் அடியில் 988 என்ற எண் இருக்கட்டும். 2022 ஜூலையிலிருந்து நாடு முழுவதும் இயங்கும் உதவி எண் அது. அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

எண்ணைப் போட்டதோடு வேலை முடியவில்லை. எங்கள் குழுப் பிள்ளைகளிடம் “ஆபத்து என்றால் என்ன செய்வோம்” என்ற பக்கத்தைக் காட்டியபோது ஒருத்தி கேட்ட ஒரே கேள்வி: “போலீஸ் வருமா?” அந்தப் பயம் சும்மா வரவில்லை. கறுப்பினப் பிள்ளைகளில் 53 விழுக்காட்டினர் 18 வயதாவதற்குள் குழந்தைகள் நலத்துறையின் விசாரணை ஒன்றையாவது சந்திக்கிறார்கள் என்று 2017இல் வந்த மதிப்பீடு சொல்கிறது, எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தால் 37. துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால் அரசுக்குத் தகவல் கொடுக்கும் சட்டக் கடமை உங்களுக்கு உண்டா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. இருந்தால், பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: “இதைச் சொன்னால் நான் இன்னாரிடம் சொல்ல வேண்டியிருக்கும். இதைச் சொன்னால் சொல்லமாட்டேன்.” தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதி பெறும் ஆய்வுகளுக்கு 2017இலிருந்து தானாகவே ரகசியக் காப்புச் சான்று கிடைக்கிறது; நீதிமன்றம் கேட்டாலும் பெயரோடு உள்ள தரவைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் சட்டம் கட்டாயமாக்கிய புகாரை அது தடுக்காது.

எட்டாம் படி: முடிவுகளைத் திருப்பிக் கொண்டுபோங்கள்

பகுப்பாய்வில் ஒரு பழக்கத்தை விடுங்கள். வெள்ளையரை அளவுகோலாக நிறுத்தி மற்றவர்கள் எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று எழுதுவதுதான் அது. ஒரு குழுவுக்குள் இருக்கும் வேறுபாடே ஒரு கட்டுரைக்குப் போதும். 2023இல் பியூ மையம் கேட்டபோது, “ஏறக்குறைய எப்போதும் ஆன்லைனில்தான்” என்று சொன்னவர்கள் ஹிஸ்பானிக் பிள்ளைகளில் 55 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 44, வெள்ளையரில் 38. இந்த மூன்று எண்ணையும் வரிசையாக அடுக்கி “போன் போதை” என்று தலைப்பு போடுவது சுலபம். எங்கள் குழுவில் ஒருவன் எண்களைப் பார்த்துவிட்டு, “எங்க வீட்டுல கம்ப்யூட்டர் கிடையாது, வீட்டுப்பாடம் போன்லதான்” என்றான்.

வரைபடங்களை அச்சடித்துச் சுவரில் ஒட்டி, பிள்ளைகள் கையில் ஸ்டிக்கி நோட்டு கொடுங்கள். எது சரி, எது அபத்தம் என்று ஒட்டுவார்கள். உழைத்தவர் பெயர் கட்டுரையிலும் வரட்டும். மனநலம் பற்றிய கட்டுரையில் தன் பெயர் இணையத்தில் காலத்துக்கும் நிற்பது வேண்டுமா என்று மட்டும் தனியாகக் கேளுங்கள். இதழில் கட்டுரை வர ஒன்றரை வருடம் ஆகலாம். அதற்குள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். ஆகவே இரண்டு பக்கச் சுருக்கத்தை முதலில் எழுதி, நீங்கள் நாற்காலி எடுத்துப் போட்ட அதே மன்றத்தில் படித்துக் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். தொடர் ஆய்வு என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 18 வயது ஆகும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். அன்றைக்குப் பெற்றோர் கொடுத்த அனுமதி காலாவதி. தொடர்ந்து ஆய்வில் வைத்திருக்க அவரிடமே புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும். நாங்கள் முதல் ஆளுக்குப் பிறந்தநாளன்றே படிவத்தை அனுப்பினோம். “பிறந்தநாள் பரிசா ஒன்பது பக்கம் பிடிஎஃப்பா?” என்று பதில் வந்தது. அடுத்த கூட்டத்தில் குழு ஒரு விதி போட்டது: அன்றைக்கு வாழ்த்து மட்டும், படிவம் ஒரு வாரம் கழித்து, அதுவும் இரண்டு பக்கத்துக்குள். நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டது, மூன்று பக்கத்துக்கு.